இருபது நிமிஷத்துக்கு ஒரு வீறல்

என் மகனுக்கு அப்போது எட்டு மாதம். தாராவியில் தொண்ணூறடி ரோட்டை ஒட்டிய சந்தில் வீடு. ஒரு ராத்திரி காலை வயிற்றோடு மடக்கிக்கொண்டு வீறிட்டான். இரண்டு நிமிஷம்தான். அப்புறம் துவண்டு தூங்கிவிட்டான். இருபது நிமிஷம் கழித்து மறுபடியும் அதே வீறல்.

"உரம் விழுந்திருக்கு தாயி, சேலையில போட்டு உருட்டு" என்றார்கள் பக்கத்து வீட்டு ஆச்சி. உருட்டினோம். அத்தை விளக்கெண்ணெய் தடவி வயிற்றை நீவினார்கள். இடையில் அவன் அசந்து தூங்கும்போதெல்லாம் சரியாகிவிட்டது என்று நம்பினோம். எங்களை ஏமாற்றியது அந்தத் தூக்கம். விட்டுவிட்டு வரும் அழுகையைக் கடிகாரம் பார்த்துக் குறித்துவையுங்கள். ஃபோனில் வீடியோ எடுங்கள். டாக்டர் முன்னால் பிள்ளை சும்மா படுத்திருக்கும்.

காலையில் வாந்தி. ஒரு கிளினிக்கில் வாந்தி மருந்து கொடுத்து அனுப்பினார்கள். சாயங்காலம் வாந்தி பச்சையாக வந்தது. துணியில் மலத்துக்குப் பதில் ரத்தமும் சளியும், நாவல் பழத்தைப் பிசைந்த மாதிரி. துவைக்காமல் அதைச் சுருட்டிக்கொண்டு சயான் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். கேஸ் பேப்பர் எழுதிய டாக்டர் துணியைப் பார்த்ததுமே சோனோகிராபிக்கு அனுப்பிவிட்டார்.

குடல் செருகல். டாக்டர் தன் சட்டைக் கையை உள்ளே மடித்துக் காட்டினார்: சிறுகுடலின் கடைசிப் பகுதி இப்படிப் பெருங்குடலுக்குள் போய்விடுகிறது, ரத்த ஓட்டம் நெரிபடுகிறது. சீக்கிரம் வந்தால் ஆசனவாய் வழியே காற்றையோ உப்புநீரையோ செலுத்தி, கத்தி வைக்காமலே தள்ளிவிடலாம். எங்கள் பிள்ளைக்கு வயிறு கல்லாக இறுகியிருந்தது. குடலில் ஓட்டை விழுந்திருக்குமோ என்ற சந்தேகம். நேரே ஆபரேஷன். வயிற்றை நீவியதை நினைத்தால் இன்னமும் கை நடுங்குகிறது.

செருகிய குடலைப் பிடித்து இழுத்தால் கிழிந்துவிடுமாம். பேஸ்ட் டியூபைப் பிதுக்குவதுபோல முனையிலிருந்து பின்னோக்கித் தள்ளுவார்கள். பிறகு வெதுவெதுப்பான சலைனில் நனைத்த துணியால் மூடிக் காத்திருப்பார்கள். கருத்த குடல் சிவந்துவிட்டால் அப்படியே விடலாம். இவனுக்கு ஒரு துண்டு சிவக்கவில்லை. வெட்டியெடுத்து இரண்டு முனைகளையும் சேர்த்துத் தைத்தார்கள். 1871இல் லண்டனில் ஜோனதன் ஹட்சின்சன் இரண்டு வயதுக் குழந்தையின் வயிற்றைத் திறந்து, செருகலை விடுவித்துப் பிழைக்கவைத்தார் என்று பின்னால் படித்தேன். மயக்க மருந்து வந்து கால் நூற்றாண்டுதான் ஆகியிருந்தது!

ஆபரேஷனுக்குப் பிறகு பால் கிடையாது. மூக்கில் குழாய், கையில் சலைன். தாய்மார்கள் பாலைப் பிழிந்துகொண்டே இருக்க வேண்டும், விட்டால் வற்றிப்போகும். நான்காம் நாள் அவனுக்குக் காற்று பிரிந்தது; குடல் வேலை செய்யத் தொடங்கிவிட்டது. வார்டு ஆயா மௌசி கைதட்டினார்.

போன வருஷம் செம்பூரில் என்னோடு வேலை பார்க்கும் பெண் ராத்திரி ஃபோன் செய்தாள். "அக்கா, நீங்க சொன்ன மாதிரியே அழுறான்." உடனே கிளம்பச் சொன்னேன். அவள் பிள்ளைக்கு உப்புநீரிலேயே சரியாகிவிட்டது.

திரும்பவும் செருகலாம், உள்தழும்பில் குடல் எப்போது வேண்டுமானாலும் சிக்கலாம், பச்சை வாந்தி என்றால் உடனே வர வேண்டும் என்று சொல்லித்தான் என் மகனை வீட்டுக்கு அனுப்பினார்கள். இப்போது மாட்டுங்காவில் ஐந்தாம் வகுப்பு படிக்கிறான். டிஸ்சார்ஜ் பேப்பர் ரேஷன் கார்டோடு இருக்கிறது. அவன் பள்ளிப் பையில் ஒரு ஜெராக்ஸ்.