அசதிக்கு கோ-கியூ 10 மாத்திரை தேவையா?

கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சைத் தோட்ட வேலை முடித்து வந்தால் உடம்பு அசந்து போகுது. அதற்கு கோ-கியூ 10 மாத்திரை நல்லது என்று யாராவது சொல்லலாம். அது என்ன?

இதற்கு யுபிகுவினோன் என்றும் பெயர். 1957-ல் அமெரிக்காவில் மாட்டு இதயத்திலிருந்து பிரித்தெடுத்தார்கள். கொழுப்பில் கரையும் பொருள். கண்மாய் வேலையில் மண்சட்டியைக் கைமாற்றுவோமே, அதுபோல செல்லுக்குள் எலக்ட்ரானைக் கைமாற்றுகிறது. அப்படித்தான் சாப்பாடு சக்தியாகிறது. நம் உடம்பே இதைத் தயாரிக்கிறது. நிலக்கடலை, எள், மத்தி மீன், ஈரலிலும் இருக்கு.

ஆகவே அசதி என்றதும் கடன் வாங்கி இதை வாங்க வேண்டாம். ரத்தசோகையாகவும் இருக்கலாம். முதலில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தப் பரிசோதனை செய்துக்குங்க.

கொலஸ்ட்ராலுக்குத் தரும் ஸ்டேட்டின் மாத்திரை, ரத்தத்தில் யுபிகுவினோனைக் குறைக்கும். அதற்காக டாக்டரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்திடாதீங்க.