நாணயத்தின் பதிவேடு

நாணயம் என்னுஞ் சொல்லுக்குத் தமிழிலே இரு பொருளுண்டு. கையிற் புழங்குங் காசு ஒன்று. சொன்ன சொல் தவறாத நேர்மை மற்றொன்று. இவ்விரண்டையும் ஒரே சொல்லால் வழங்கிய நம் முன்னோர், கொடுக்கல் வாங்கலுக்கு உயிர்நிலை நம்பிக்கையே என்பதை நன்குணர்ந்தவராதல் வேண்டும். அந்நம்பிக்கை முற்காலத்தில் ஊரார் வாய்ச்சொல்லிலே வாழ்ந்தது. இக்காலத்திலோ பெரும்பாலும் ஏட்டிலே வாழ்கின்றது. அவ்வேட்டில் நம்மைப் பற்றி யாது எழுதப்பட்டுள்ளது என்பதைக் காலந்தோறும் பார்த்தறிதலின் இன்றியமையாமையை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

ஏடு பார்த்தல் யாழ்ப்பாணத்து மக்களுக்குப் புதிய வழக்கமன்று. 1707ஆம் ஆண்டில் ஒல்லாந்த அதிகாரியாகிய கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்தளித்த தேசவழமையிலே, முதுசம், சீதனம் என்பவற்றோடு ஒற்றியும் வட்டிக் கடனும் இடம்பெற்றுள்ளன. இன்றும் ஒரு காணியை வாங்க முற்படுவோர், காணிப் பதிவகத்திலே ஏட்டைப் பார்த்து, அக்காணி ஈட்டிலோ வழக்கிலோ உள்ளதா என அறிந்த பின்னரே உறுதி முடிப்பர். பிறர் காணியிலுள்ள வில்லங்கத்தை இத்துணைக் கருத்தோடு தேடும் நாம், நம் பெயரிலேயே வில்லங்கம் உண்டாவென ஒருபொழுதுந் தேடாதிருத்தல் பொருந்துமா?

நம் நாட்டிலே கடன் பெறுவோர் பற்றிய விபரங்களைத் திரட்டும் பொறுப்பு இலங்கைக் கொடுகடன் தகவல் பணியகத்துக்கு உரியது. 1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தால் நிறுவப்பெற்ற இப்பணியகத்தை மக்கள் பேச்சு வழக்கில் ‘கிரிப்’ என்பர். வங்கிகளும் நிதிக் கம்பனிகளும் தாம் வழங்கிய கடன்களின் நிலையை இதற்கு அறிவிக்கின்றன. புதுக் கடன் கேட்டு ஒருவர் வரும்போது அவர்தம் அறிக்கையை இதனிடமிருந்து பெறுகின்றன. 2008ஆம் ஆண்டின் திருத்தச் சட்டத்தின் பின்னர், ஒருவர் தம்மைப் பற்றிய அறிக்கையைத் தாமே கேட்டுப் பெறவும் வழி பிறந்தது. அவ்வழியிருந்தும் அதனைப் பயன்படுத்துவோர் நம்முட் பலரல்லர்.

இதற்குக் காரணம் ஒரு தவறான எண்ணமேயாம். ‘கிரிப்பில் பெயர் விழுந்துவிட்டது’ என்று மக்கள் அஞ்சிப் பேசுவதைக் கேட்கின்றோம். அது குற்றவாளிகளின் பட்டியலன்று. தவணை தவறாது செலுத்தியவரின் ஒழுங்கும் அதிலே பதியப்பெறும். நிலுவை வைத்தவரின் குறையும் பதியப்பெறும். கடன் கொடுப்பதா மறுப்பதா என்று முடிவு செய்வது வங்கியேயன்றிப் பணியகம் அன்று. ஆகவே, ஒழுங்காகக் கடன் தீர்த்தவருக்கு அவ்வறிக்கை ஒரு நற்சான்றிதழாகும். தம் அறிக்கையைத் தாமே பார்த்தல் ஒருவருக்குக் குறை தருவதுமன்று.

‘யாம் ஒருவருக்குங் கடன்பட்டிலேம், எமக்கு இஃது எதற்கு?’ என்று கேட்பாருமுளர். அன்னார் சிந்திக்க வேண்டியவை மூன்று.

முதலாவது, பெயர் மயக்கம். தமிழருட் பெரும்பாலார்க்கு வழிவழி வருங் குடும்பப் பெயர் இல்லை. தந்தை பெயரின் முதலெழுத்தே முன்னிற்கும். ஒரே பெயரும் ஒரே முதலெழுத்தும் உடையோர் ஓர் ஊரிலேயே பலர் இருப்பர். அப்பெயரை ஆங்கிலத்தில் எழுதுங்கால் ஒருவரே இரண்டு மூன்று விதமாக எழுதுவதுமுண்டு. இம்மயக்கத்தை நீக்குவது அடையாள அட்டை இலக்கமே. ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்துங் கொண்ட பழைய எண்ணும், பன்னிரண்டு இலக்கங் கொண்ட புதிய எண்ணும் இன்று ஒருங்கே வழங்குகின்றன. இவற்றுள் ஓர் இலக்கம் பிழைபடப் பதியப்பெறினும் ஒருவர் கடன் மற்றொருவர் தலையிலே ஏறக்கூடும்.

இரண்டாவது, பிணை. உடனாசிரியருக்கோ உறவினருக்கோ பிணைநின்று கையொப்பமிடுதலை நாம் ஓர் உபகாரமாகவே கருதுகின்றோம். சட்டம் அதனைப் பொறுப்பாகக் கருதுகின்றது. கடன்பட்டவரிடம் முதலிற் கேட்ட பின்னரே தன்னிடங் கேட்கவேண்டும் என்னும் உரிமையை உரோம ஒல்லாந்தச் சட்டம் பிணையாளிக்கு அளித்துள்ளது. எனினும் வங்கிகளின் பிணைப் பத்திரங்களிலே அவ்வுரிமையைத் துறக்கும் வாசகம் பெரும்பாலும் அமைந்திருக்கும். வாசியாது கையொப்பமிடுவோர் அதனை அறியார். பிணைநின்ற கடனும் நம் அறிக்கையிலே காணப்படும். நண்பர் தவணை தவறினாரா என்பதை, நம் மகளின் படிப்புக்கோ வீட்டுக்கோ கடன் கேட்கும் நாளில் அறிந்து வருந்துவதினும், முன்னரே அறிந்து அவரோடு பேசித் தீர்த்துக்கொள்ளல் நன்றன்றோ?

மூன்றாவது, வஞ்சகம். அடையாள அட்டையின் பிரதியை எத்தனையோ இடங்களிலே கொடுத்துவிட்டு மறந்துவிடுகின்றோம். அறிக்கையிலே நாம் அறியாத கடனோ, நாம் அணுகாத நிறுவனம் நம்மைப்பற்றி விசாரித்த குறிப்போ காணப்படின், அது நமக்குக் கிடைத்த முன்னெச்சரிக்கையாம்.

இனிச் செய்யவேண்டுவன யாவை? ஆண்டுக்கொருமுறை, உரிய கட்டணத்தைச் செலுத்தி, அறிக்கையைப் பெறுக. பெயர், இலக்கம், முகவரி என்பவற்றை முதலில் ஒப்புநோக்குக. பின்னர்ச் சொந்தக் கடன், பிணைக் கடன் என்பவற்றை ஒவ்வொன்றாகச் சரிபார்க்க. தீர்த்த கடன் தீர்ந்ததாகக் காட்டப்பட்டுள்ளதா என நோக்குக. இதற்காகவே, கடன் தீர்ந்தவுடன் வங்கி தரும் கடிதத்தைக் காணி உறுதியைப் போலப் பேணிவைத்தல் வேண்டும். பிழை காணின், விபரம் அளித்த வங்கிக்கும் பணியகத்துக்கும் எழுத்திலே அறிவித்து, திருத்தம் பெற்ற பின்னர் மீண்டும் ஒருமுறை பார்த்தல் நலம். திருத்தத்துக்குச் சில நாட்கள் செல்லுமாதலின், கடன் கேட்கும் நாளுக்கு நெடுமுன்னரே இதனைச் செய்க.

ஒன்றை மறத்தலாகாது. கைமாற்றும், ஊர்ச் சீட்டும், தனியார் வட்டிக்குக் கொடுத்த பணமும் இவ்வறிக்கையிலே தோன்றா. அறிக்கை தூயதாயிருப்பதால் மட்டும் ஒருவர் கடனற்றவராகார். அக்கணக்கை அவரவர் வீட்டுக் கொப்பியும் அவரவர் மனச்சாட்சியுமே காட்டும்.

கல்லூரியை விட்டு வெளிச்செல்லும் மாணவர் முதற் சம்பளத்தோடு முதற் கடனட்டையையும் பெறுங் காலம் இது. தேர்வுப் பெறுபேற்றிலே ஒரு புள்ளி குறைந்தாலும் மீள்பரிசீலனை கோரும் நம் இளைஞர், தம் வாழ்நாள் முழுதுந் தொடரும் இப்பெறுபேற்றையும் அவ்வாறே கருத்தோடு நோக்குவாராக. வாங்கிய கடனை வேளைக்குத் தீர்த்தல் நாணயம். தீர்த்தது ஏட்டிலும் தீர்ந்துள்ளதாவெனப் பார்த்தல் விவேகம். இவ்விரண்டும் உடையார்க்கு எந்த வாயிலிலும் தலைகுனியும் நிலை வாராது.