பிள்ளையின் நிறையும் பெற்றோரின் பங்கும்

மகனுக்கோ மகளுக்கோ நிறை மிகக் கூடிவிட்டது என்று வைத்தியர் சொன்னதும், கூடச் சென்ற தாய் கேட்கும் முதற் கேள்வி பெரும்பாலும் "டொக்டர், பிள்ளைக்கு என்ன சாப்பாடு குடுக்கக்கூடாது?" என்பதாகவே இருக்கும். நல்ல மனத்தோடு கேட்கும் கேள்விதான். ஆனால் அதனுள்ளே ஒரு பிழையான எண்ணம் இருக்கின்றது. நோய் பிள்ளையுடையது, சிகிச்சையும் பிள்ளைக்கே, பெற்றோரின் வேலை காவல் இருப்பது மட்டும் என்பதே அந்த எண்ணம்.

கொழுகொழுவென்று இருக்கும் பிள்ளைகள் எல்லோரும் நோயாளர் அல்லர் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். 5 முதல் 19 வயது வரையுள்ளோருக்கென உலக சுகாதார நிறுவனம் 2007 இல் தனியான அட்டவணைகளை வெளியிட்டது. உயரத்தையும் நிறையையும் கொண்டு கணிக்கும் உடற்திணிவுச் சுட்டியை, அதே வயதும் அதே பாலும் உடைய பிள்ளைகளின் அளவோடு ஒப்பிட்டே உடற்பருமன் உண்டா இல்லையா என்று தீர்மானிப்பர். வளர்ந்தோருக்கான அட்டவணையை வைத்துக்கொண்டு வீட்டிலே தீர்ப்புக் கூறுவது தவறு. உண்மையாகவே உடற்பருமன் உள்ள பிள்ளையை "வளர வளரச் சரியாகிவிடும்" என்று விட்டுவிடுவதும் தவறே. கட்டிளம் பருவத்து உடற்பருமன் பெரும்பாலும் பின்னரும் தொடர்கின்றது. நீரிழிவு, உயர் குருதி அமுக்கம், ஈரலிற் கொழுப்புப் படிதல் ஆகியன பாடசாலை நாட்களிலேயே தலைகாட்டவும் கூடும்.

பெற்றோரைச் சிகிச்சையில் எவ்வாறு சேர்ப்பது என்பதற்கு 1983 இல் வெளிவந்த ஓர் ஆய்வு இன்றும் எண்ணிப் பார்க்கத்தக்கது. கெலி பிரவுனெல், அல்பேர்ட் ஸ்ரங்கார்ட் முதலிய அமெரிக்க ஆய்வாளர்கள் 12 முதல் 16 வயது வரையான 42 பிள்ளைகளை மூன்று பிரிவாக்கினர். ஒரு பிரிவிலே பிள்ளைகள் ஒரு வகுப்பிலும் தாய்மார் வேறொரு வகுப்பிலும் இருந்தனர். இரண்டாம் பிரிவில் தாயும் பிள்ளையும் ஒரே வகுப்பில் இருந்தனர். மூன்றாவதில் பிள்ளைகள் மட்டும். 16 கிழமைகள் முடிந்தபோது, தாயும் பிள்ளையும் வெவ்வேறாகப் படித்த பிரிவிலே பிள்ளைகள் சராசரியாக 8.4 கிலோ குறைந்திருந்தனர். ஒன்றாக இருந்து படித்தோர் 5.3 கிலோவும், தனியே வந்த பிள்ளைகள் 3.3 கிலோவும் குறைந்தனர். ஒரு வருடத்தின் பின் பார்த்தபோது முதற் பிரிவினர் தொடக்க நிறையிலும் 7.7 கிலோ குறைவாகவே இருந்தனர். மற்ற இரு பிரிவினரோ தொடக்க நிறையையும் தாண்டி ஏறத்தாழ 3 கிலோ கூடியிருந்தனர்.

42 பேர் என்பது சிறிய தொகை. 1990 இல் கறுப்பினச் சிறுமியர் 47 பேரைக் கொண்டு இவ்வாறே செய்த ஆய்வில் மூன்று பிரிவுகளுக்கிடையே பெரிய வேறுபாடு தோன்றவில்லை. ஆனால் அங்கேயும் தாய்மார் எத்தனை வகுப்புகளுக்கு வந்தனரோ அதற்கேற்ப மகள்மாரின் நிறையும் கூடுதலாகக் குறைந்தது.

தாய் அருகில் இருக்கும்போது ஏன் பயன் குறைந்தது? எமது ஆஸ்பத்திரி வாங்குகளைப் பார்த்தோருக்கு இது விளங்காததல்ல. வைத்தியர் பிள்ளையிடம் கேட்கிறார். தாய் பதில் சொல்கிறார். ரியூசன் முடிந்து வரும் வழியில் வாங்கும் ரோல்ஸ், வகுப்பிலே வைத்த பட்டப்பெயர், இரவில் ஒளித்துச் சாப்பிடும் பிஸ்கற், இவற்றையெல்லாம் பதினான்கு வயதுப் பிள்ளை தாயின் முன்னே சொல்லுமா? தாய்க்கும் பிள்ளையின் முன்னே சொல்ல முடியாத கவலைகள் உண்டு. ஆகவே இருவருக்கும் பாடம் வேண்டும், இருவருக்கும் தனியிடமும் வேண்டும் என்பது என் கருத்து.

சின்னப் பிள்ளைகளின் நிலை சற்று வேறு. லெனாட் எப்ஸ்ரீன் என்பார் 6 முதல் 12 வயதினரைப் பத்து ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 1990 இல் முடிவுகளை வெளியிட்டார். பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்தே நிறை குறைக்க முயன்ற குடும்பங்களிலேதான் பலன் நிலைத்தது. உணவுகளைச் சிவப்பு, மஞ்சள், பச்சை என வீதி விளக்குகளைப் போலப் பிரித்துக் காட்டியவரும் இவரே. எமது நாட்டு மென்பானப் போத்தல்களில் 2016 முதல் சீனியின் அளவுக்கேற்ப இதே மூன்று நிறங்களிற் குறி இடப்பட்டதைப் பலர் கண்டிருப்பீர்கள்.

பெற்றோருக்கான பாடத்தில் முதலாவது வீடு. ஒரு பிள்ளைக்கு மட்டும் அவித்த மரக்கறி, தம்பிக்குப் பொரித்த கோழி என்று வைத்தால் அது சிகிச்சையன்று, தண்டனை. சோடாப் போத்தலை வாங்கிவந்து குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிட்டு "நீ தொடாதே" என்று சொல்வதிலும், வாங்காமல் விடுவது எல்லோருக்கும் எளிது. எல்லோருக்கும் ஒரே சமையல், முடிந்தவரை ஒன்றாக இருந்து சாப்பாடு, தொலைக்காட்சியையும் கைத்தொலைபேசியையும் அணைத்துவிட்டு நேரத்துக்கு நித்திரை. காலைச் சாப்பாட்டை நிறுத்துவதோ, விளம்பரத்தைப் பார்த்து மெலியும் மா வாங்கிக் கொடுப்பதோ வேண்டாம். மேலே சொன்ன ஆய்வுகளில் தாய்மாரே பேசப்படுகின்றனர். எமது வீடுகளிலோ பின்னேரத்தில் பேக்கரிப் பையுடன் வருபவர் அநேகமாகத் தகப்பனார்தான். அவரும் பாடத்துக்கு வரவேண்டும். "பிள்ளை வாடிப் போச்சுது" என்று சேலைத் தலைப்பில் முடிந்து வந்து கொடுக்கும் அம்மம்மாவுடனும் இதமாகப் பேசத்தான் வேண்டும்.

இரண்டாவது வாய். இதிலேதான் பெற்றோர் மிகவும் தவறுகிறோம். அமெரிக்காவின் மினசோட்டாவில் செய்த ஆய்வொன்று 2013 இல் வெளிவந்தது. பிள்ளையின் நிறையையும் பருமனையும் பற்றியே பெற்றோர் பேசிக்கொண்டிருந்த வீடுகளிலே, பிள்ளைகள் பட்டினி கிடத்தல் முதலான கேடான வழிகளை நாடுவது கூடுதலாகக் காணப்பட்டது. நிறையைப் பேசாது நல்ல உணவைப் பற்றி மட்டும் பேசிய வீடுகளில் அது குறைவாக இருந்தது. "குண்டன்", "தடிச்சி" என்று அன்போடுதான் அழைக்கிறோம் என்பர் சிலர். கேட்கும் பிள்ளைக்கு அந்த அன்பு விளங்குவதில்லை. சாப்பாட்டு மேசையிலே மற்றவர் முன் சொல்லப்பட்ட ஒரு சொல், பிள்ளையை அறைக்குள் ஒளித்துச் சாப்பிட வைக்கும்.

இது ஒரு நாளில் முடியும் வேலையுமன்று. அமெரிக்கக் குழந்தை வைத்தியர் சங்கம் 2023 இல் வெளியிட்ட வழிகாட்டலில், 3 முதல் 12 மாத காலத்துள் குறைந்தது 26 மணித்தியாலங்கள் குடும்பத்தோடு நேரிற் செலவிட வேண்டும் என்று கூறியிருக்கிறது. 12 வயதுக்கு மேற்பட்டோர் சிலருக்கு மருந்தும் கொடுக்கலாம் என்றும் அதில் உண்டு. அதுவும் இக்குடும்பச் சிகிச்சையோடு சேர்த்தே. எமது கிளினிக்குகளில் அத்தனை மணித்தியாலம் கிடைப்பது அரிது. என்றாலும் அடுத்த முறை போகும்போது, "பிள்ளையோடு ஐந்து நிமிடம் தனியாகப் பேசுங்கள், பிறகு எங்களோடும் தனியாகப் பேசுங்கள்" என்று வைத்தியரிடம் கேட்கலாம். நிறை பார்க்கும் நாளையும் அவரே குறித்துத் தரட்டும். இடையிலே பிள்ளையை வீட்டுத் தராசில் ஏற்றி, வந்தவர் போனவருக்கெல்லாம் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை.