அப்பா இனி பேப்பர் படிப்பாரா?

கம்பம்மெட்டிலிருந்து எழுதிய சகோதரிக்கு,

அப்பாவுக்கு மாக்குலா தேய்ந்துவிட்டதாகச் சொல்லி, சீட்டில் 6/60 என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். இனி பேப்பர் படிப்பாரா, ஏலக்காய்க் கணக்கு நோட்டைப் பார்ப்பாரா என்று கேட்கிறீர்கள். அந்த ஓர் எண்ணை வைத்து யாராலும் பதில் சொல்ல முடியாது. வேறு சில விஷயங்களைப் பார்த்தால் பெரும்பாலும் சொல்லிவிடலாம். அவற்றைப் பார்க்காமலே "இனி படிக்க முடியாது" என்று வீட்டில் முடிவுகட்டிவிடுவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

நல்ல கண்ணுக்கு 60 மீட்டரில் தெரியும் எழுத்து அவருக்கு 6 மீட்டரில்தான் தெரிகிறது. 6/60 சொல்வது அவ்வளவே. கண் பரிசோதனைச் சார்ட்டில் இருப்பது கன்னங்கரேலென்ற தனி எழுத்து. தலையைச் சாய்த்து, நிதானமாகத் தேடிக் கண்டுபிடித்துவிடலாம். வாசிப்பில் அந்த அவகாசம் கிடையாது. கண் வரிமேல் தாவித் தாவிப் போகவேண்டும், ஒவ்வொரு தாவலிலும் நாலைந்து எழுத்தாவது சேர்ந்தாற்போல் தெரியவேண்டும். அமெரிக்காவில் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தின் கார்டன் லெக்கும் அவரோடு வேலை செய்தவர்களும் பார்வைக் குறைவுள்ள 141 பேரின் வாசிப்பு வேகத்தை அளந்து 1992இல் வெளியிட்டார்கள். ஒருவர் வேகமாகவும் இன்னொருவர் மெதுவாகவும் படித்ததில், சார்ட் எண்ணைக் கொண்டு விளக்க முடிந்தது பத்தில் ஒரு பங்குதான். லெக்கும் சிறுவயது முதலே பார்வைக் குறைவுள்ளவர்.

அப்படியென்றால் எதைப் பார்ப்பது? முதலில், கண்ணில் மறைக்கும் இடம் எங்கே விழுகிறது என்பது. மாக்குலா விழித்திரையின் நடுவில் 5 மில்லிமீட்டர் சொச்சம் அகலமுள்ள இடம். அதன் மையம் கெட்டுப்போனால், கண் தானாகவே ஓர் ஓரத்தை மையமாக வைத்துப் பார்க்கப் பழகிக்கொள்ளும். மறைப்பு வரிக்கு மேலேயோ கீழேயோ ஒதுங்கினால் வரி முழுக்கத் தெரியும். வலப்பக்கம் விழுந்தால் அடுத்து வரவேண்டிய எழுத்தெல்லாம் காணாமல் போகும். நம் எழுத்தில் இது இன்னும் கஷ்டம். "கொடு" என்பதில் வலப்பக்கத்துக் கால் மறைந்தால் அவர் படிப்பது "கெடு". பொருள் பொருந்தாமல் திரும்பப் போவார், மறுபடி வருவார், இரண்டு வரிக்குள் களைத்துவிடுவார். வீட்டில் இருப்பவர்கள் அதைப் பார்த்துவிட்டு, அப்பாவுக்கு ஞாபகமே சரியில்லை என்பார்கள்.

இன்னொன்று பலரும் நம்பவே மாட்டார்கள். சிலருக்கு மையத்தில் ஒரு துளி இடம் மட்டும் நன்றாக இருக்கும், சுற்றிலும் வளையமாகச் செத்திருக்கும். இவர்கள் நாள்காட்டியில் பொடி எழுத்தில் உள்ள நல்ல நேரத்தைப் படித்துவிடுவார்கள். அதே தாளில் கொட்டை எழுத்தில் உள்ள தேதி தெரியவில்லை என்பார்கள். பொய் சொல்லவில்லை; பெரிய எழுத்து அந்தத் துளி இடத்துக்குள் அடங்குவதில்லை. இவர்கள் கையில் பூதக்கண்ணாடியைக் கொடுத்தால் இருக்கிற வாசிப்பும் கெடும். சார்ட்டில் 6/12 வாங்கிவிட்டு ஒரு பத்தி படிக்கத் திணறுகிறவர்களில் சிலர் இந்த வகைதான். அதனால் அப்பாவுக்குப் பூதக்கண்ணாடி வாங்குமுன் நாள்காட்டியை எடுத்து இரண்டையும் காட்டிப் பாருங்கள்.

வளையம் இல்லாதவர்களுக்கு எழுத்தின் அளவுதான் முதல் கணக்கு. பார்வை ஆய்வாளர்களான விட்டேக்கர், லவீ-கிச்சின் இருவரும் 1993இல் எழுதியது இன்றும் உதவுகிறது: தட்டுத்தடுமாறிப் படிக்கிற அளவு எழுத்து போதாது, சரளமாகப் படிக்க அதைப்போல் குறைந்தது இரண்டு மடங்கு வேண்டும். மையும் தாளும் நன்றாகப் பிரிந்து தெரிவதும் அதே அளவு முக்கியம். மஞ்சளடித்த பேப்பரில் பென்சில் கணக்கு, மலைமேல் மூடுபனி நாள், மங்கிய பல்பு மூன்றும் சேர்ந்தால் நல்ல கண்ணே திணறும். நோட்டைக் கறுப்பு மார்க்கரில் எழுதச் சொல்லுங்கள். விளக்கைக் கண்ணில் கூசாதபடி தோளுக்குப் பின்னாலிருந்து தாளில் விழும்படி வையுங்கள்.

பரிசோதனை சொல்லாத ஒன்றும் உண்டு. அப்பா முன்பு எப்படிப் படித்தவர்? நாள் தவறாமல் பேப்பர் படித்தவர், பாதி தெரிந்தாலே மீதியை ஊகித்துவிடுவார். எழுத்துக்கூட்டிப் படித்தவருக்கு அது முடியாது. கேரளத்து எல்லையிலுள்ள உங்கள் ஊரில் இன்னொரு சிக்கல்: தமிழில் படித்து வளர்ந்தவருக்கு அரசுத் தாள்கள் பலவும் மலையாளத்தில் வருகின்றன. பரிசோதிப்பவர் எந்த மொழியில் படிக்கச் சொன்னார் என்று கேளுங்கள். தமிழ் எழுத்துகளாலான முறையான பார்வை சார்ட் ஒன்றைச் சென்னை ஆய்வாளர்கள் செய்து சரிபார்த்து 2009இலேயே வெளியிட்டுவிட்டார்கள்.

மலையிறங்கினால் கம்பம், அதைத் தாண்டித் தேனியில் 1985 முதல் அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது. பார்வைக் குறைவுக்கான தனிப் பிரிவு மதுரை அரவிந்தில் உண்டு. போகும்போது அவருடைய கணக்கு நோட்டையே எடுத்துப் போங்கள். சார்ட்டோடு விடாமல், தமிழில் ஒரு பத்தியைப் படிக்கவைத்து நிமிடத்துக்கு எத்தனை சொல், எந்த அளவு எழுத்தில் என்று குறித்துத் தரச் சொல்லுங்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 பார்வைக் குறைபாட்டுக்குப் பார்வைக் கூர்மையையும் பார்வைப் பரப்பையும் மட்டுமே கணக்கில் எடுக்கிறது. வாசிப்பு அதில் இல்லை. கேட்டால்தான் அளப்பார்கள். ஓரப்பார்வைக்குப் பயிற்சியும் கேளுங்கள். சில வாரம் பழகியபின் மறுபடி அளந்தால் வேகம் கூடியிருக்கலாம்.

கடைசியாக ஒன்று, இதைத் தள்ளிப்போட வேண்டாம். ஒரு கண்ணை மூடி, மறு கண்ணால் ஜன்னல் கம்பியைப் பார்க்கச் சொல்லுங்கள், பிறகு மாற்றி. வாரம் ஒருமுறை போதும். நேரான கம்பி திடீரென்று நெளிந்தோ வளைந்தோ தெரிந்தால், விழித்திரைக்கு அடியில் புது ரத்தக்குழாய் கசிகிறது என்று சந்தேகப்பட வேண்டும். அதற்குக் கண்ணில் போடும் ஊசி இருக்கிறது. சீக்கிரம் போட்டால்தான் மிச்சப் பார்வை நிற்கும். அன்றைக்கே பஸ் ஏறிவிடுங்கள்.

அன்புடன்.