குடத்தைத் தூக்காதே, தங்கச்சி

"நாலாவது ஸ்டேஜ்னு சொல்லிட்டாங்கக்கா, இனிமே என்ன இருக்கு?" என்று போனில் அழுதாயே, அன்றிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. எனக்கும் மார்பிலிருந்து எலும்புக்குப் பரவிய புற்றுநோய்தான். இந்த வைத்தியத்தில் 'இத்தனை ஊசியோடு முடிந்தது' என்ற கணக்கு இல்லை. ஒரு மருந்து கேட்கும்வரை அது, கேட்காவிட்டால் அடுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டிவிடலாம் என்று நினைக்காதே. வீட்டு வேலையையே மாற்றி வை.

முதலில் தண்ணீர்க் குடம். முதுகெலும்பில் பரவியிருக்கிறது என்றால் குடம், சிலிண்டர், அரிசி மூட்டை எதையும் தொடாதே. 'ஒரு குடம்தானே' என்று இடுப்பில் ஏற்றிவிட்டு நான் இரண்டு வாரம் படுத்துக் கிடந்தேன். இப்போது சொம்பில் மொண்டுதான் எடுக்கிறேன். முதுகுவலி திடீரென்று கூடி, கால் மரத்துப்போனாலோ, துவண்டாலோ, சிறுநீர் போகாமல் அடைத்தாலோ தைலம் தேய்த்துக்கொண்டு விடியட்டும் என்று இருக்காதே. நடுராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு. தண்டுவடம் நசுங்கினால் நடையே போய்விடும். எலும்புக்கு ஜோலெட்ரானிக் ஆசிட் ஊசி போடுவதாகச் சொன்னால், அதற்கு முன்பே பல் டாக்டரைப் பார்த்துவிடு. ஊசி ஆரம்பித்த பிறகு பல்லைப் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் போகலாம்.

மாத்திரைக்குத் தினசரி காலண்டர்தான் துணை. பால்போசிக்ளிப் 21 நாள் போட்டு 7 நாள் விட வேண்டும். கேப்சிடபின் பெரும்பாலும் 14 நாள் போட்டு 7 நாள் விடச் சொல்வார்கள். போடும் நாளின் தாளில் சிவப்பு மையால் வட்டம் போட்டு வை, போட்டதும் அடித்துவிடு. கேப்சிடபினைச் சாப்பிட்டு அரை மணி நேரத்துக்குள் போட்டுவிட வேண்டும். அதில் உள்ளங்கையும் பாதமும் சிவந்து எரியும். சப்பாத்திக் கட்டையை அழுத்தி உருட்டுவது, தேங்காய் துருவுவது, வெந்நீரில் பாத்திரம் விளக்குவது எல்லாவற்றையும் பிள்ளைகளிடம் கொடுத்துவிடு. ஆண்பிள்ளையும் துருவட்டும். தோல் உரிந்தால் அடுத்த மாத்திரைக்கு முன் டாக்டரைக் கேள், அளவைக் குறைப்பார்கள். வலியைப் பொறுத்துக்கொள்வதில் ஒரு பெருமையும் இல்லை.

வீட்டில் தெர்மாமீட்டர் இருக்கட்டும். 100.4 டிகிரி தொட்டால், வீட்டிலிருக்கும் காய்ச்சல் மாத்திரையைப் போட்டுவிட்டுப் படுக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணு. பார்க்க வருகிறவர்கள் கசாயம், சூரணம் கொண்டுவருவார்கள். அன்பாக வாங்கி வை, டாக்டரிடம் காட்டாமல் வாயில் போடாதே. சில பொடிகள் மாத்திரையின் வேலையைக் கெடுத்துவிடும்.

இன்னொன்று, வைத்தியத்துக்கு ரயிலில் போகிறாய் அல்லவா? புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் கட்டணமே இல்லை, துணைக்கு வருகிறவருக்கு 75 சதவீதம் தள்ளுபடி. அடுத்த முறை போகும்போது அந்தச் சலுகைக்கான படிவத்தில் டாக்டர் கையெழுத்தை மறக்காமல் வாங்கிவிடு.