அட்டையும் நாணயமும்

காற்பந்து, கூடைப்பந்து, பேஸ்பால் வீரர்களின் படம் அச்சிட்ட அட்டைகளைச் சேகரிப்பது பலருக்கும் பிடித்த பொழுதுபோக்கு. ஒரே அட்டை இரண்டு கிடைத்துவிட்டால், முன்பு அதை நண்பர்களிடம் கொடுத்து வேறோர் அட்டையை வாங்கிக்கொள்வார்கள். இன்று பலர் அதை இணையத்தில் விற்கிறார்கள். 1995ஆம் ஆண்டு அமெரிக்காவில் தொடங்கிய ஈபே, 2012ஆம் ஆண்டு சிங்கப்பூரில் தொடங்கிய கேரோசல் போன்ற தளங்களில் இவ்வட்டைகள் நாள்தோறும் கைமாறுகின்றன.

ஓர் அட்டையின் விலையை மூன்று கூறுகள் தீர்மானிக்கின்றன. அவை வீரரின் புகழ், அட்டை எவ்வளவு அரிதானது என்பது, அட்டையின் நிலை ஆகியவை. முனைகள் மழுங்கியிருக்கின்றனவா, விளிம்புகள் தேய்ந்திருக்கின்றனவா, கீறலோ மடிப்போ உள்ளதா என்று ஆராய்ந்து, 1 முதல் 10 வரை தரப்புள்ளி வழங்கும் நிறுவனங்களும் உள்ளன. நன்கு பாதுகாக்கப்பட்ட மிக்கி மேன்டிலின் 1952ஆம் ஆண்டு அட்டை, 2022இல் 12.6 மில்லியன் அமெரிக்க வெள்ளிக்கு விற்கப்பட்டது.

நிலையைப் பொறுத்தே விலை உயர்வதால், குறையை மறைக்கும் ஆசையும் சிலருக்கு எழுகிறது. ஹோனஸ் வாக்னர் என்னும் பேஸ்பால் வீரரின் அட்டை ஒன்றின் கதை இதற்குச் சான்று. நூறாண்டுக்கு முற்பட்ட அந்த அட்டை, கூர்மையான விளிம்புகளோடு புத்தம் புதியதுபோல் இருந்தது. 2007ஆம் ஆண்டு அது 2.8 மில்லியன் அமெரிக்க வெள்ளிக்கு விலைபோனது. ஆனால், அதை ஒரு காலத்தில் வாங்கி விற்ற பில் மாஸ்ட்ரோ என்ற வணிகர், அதன் விளிம்புகளைத் தாமே வெட்டிச் சீராக்கியதாக 2013ஆம் ஆண்டு நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். ஏல மோசடி வழக்கில் அவருக்குச் சிறைத் தண்டனையும் கிடைத்தது.

இணையத்தில் வாங்குபவர் அட்டையைத் தொட்டுப் பார்க்க முடியாது. விற்பவர் காட்டும் படத்தையும் எழுதும் விளக்கத்தையும் நம்பியே அவர் பணம் தருகிறார். ஆகவே, அட்டையின் இரு பக்கங்களையும் நல்ல வெளிச்சத்தில் படமெடுக்க வேண்டும். சிறு மடிப்பு இருந்தாலும் அதை அருகிலிருந்து படமெடுத்துக் காட்டி, விளக்கத்திலும் எழுத வேண்டும். மற்றவர்கள் கேட்கும் விலையை மட்டும் பார்க்காமல், அதே அட்டை உண்மையில் விற்றுமுடிந்த விலையைப் பார்த்து விலை குறிப்பதே முறை. அனுப்பும்போது அட்டையைப் பிளாஸ்டிக் உறையிலிட்டு, இரண்டு கெட்டியான அட்டைத்தாள்களுக்கு இடையில் வைத்துக் கட்டினால் அது வளையாது.

விற்பவரும் ஏமாறக்கூடும். பணம் அனுப்பிவிட்டதாகக் காட்டும் படத்தை நம்பாமல், வங்கிக் கணக்கில் பணம் வந்துவிட்டதா என்று பார்த்த பிறகே பொருளைக் கொடுக்க வேண்டும். வாங்குபவர் அனுப்பும் இணைப்பில் வங்கி விவரங்களையோ ஒருமுறைக் கடவுச்சொல்லையோ பதிவிடக் கூடாது. நேரில் சந்திப்பதாக இருந்தால், பெற்றோரிடம் தெரிவித்துவிட்டு, ஆள் நடமாட்டமுள்ள இடத்தையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

குறையைச் சொல்லி விற்றால் சில வெள்ளி குறைவாகக் கிடைக்கலாம். ஆனால், வாங்கியவர் எழுதும் நல்ல கருத்து அடுத்த வாடிக்கையாளரை அழைத்து வரும். தமிழில் காசையும் நேர்மையையும் ‘நாணயம்’ என்ற ஒரே சொல்லால் குறிக்கிறோம். இணையச் சந்தையிலும் இரண்டாவது நாணயம் உள்ளவரிடமே முதலாவது நிலைத்து வந்து சேர்கிறது.