உட்கதவு எத்தனை அடி? லிண்டல் போடும் முன்பே முடிவெடுங்கள்

இண்டூரிலும் சுற்றியுள்ள கிராமங்களிலும் பழைய ஓட்டு வீட்டை இறக்கிவிட்டுக் கான்கிரீட் வீடு கட்டுகிறவர்கள், டைல்ஸும் பெயின்ட்டும் பார்க்கத் தருமபுரிக் கடைகளுக்குப் பலமுறை போய்வருகிறார்கள். உள்ளறைக் கதவின் உயரத்தை மட்டும், “எப்பவும் போல ஏழடி வெச்சிடுங்க மேஸ்திரி” என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். பெயின்ட் பிடிக்கவில்லை என்றால் மறுபடி அடித்துக்கொள்ளலாம். ஆனால் கதவுத் தலைக்கு மேல் வரும் லிண்டல் கான்கிரீட் இறுகிய பிறகு கதவை உயர்த்தச் சுவரைத்தான் உடைக்க வேண்டும். அதனால் கீழே உள்ளவற்றைச் சுவர் ஜன்னல் மட்டத்துக்கு வருவதற்குள் முடிவு செய்துவிடுங்கள்.

1. கூரையின் உண்மையான உயரத்தைக் கணக்கிடுங்கள்

“ரூஃப் பத்தடி” என்றால் எங்கிருந்து எதுவரை என்று கேளுங்கள். பெரும்பாலும் அது டைல்ஸ் போடாத தரையிலிருந்து தளத்தின் அடிப்பக்கம் வரையிலான அளவு. கலவையும் டைல்ஸும் சேர்ந்து 2 முதல் 3 அங்குலம் எடுத்துக்கொள்ளும். மேலே பூச்சுக்கு அரை அங்குலம் போகும். கையில் நிற்பது சுமார் 9 அடி 9 அங்குலம். ஃபால்ஸ் சீலிங் போட்டால் இன்னும் 4 முதல் 6 அங்குலம் குறையும். புழங்கும் அறைகளுக்குக் குறைந்தது 2.75 மீட்டர், அதாவது சுமார் 9 அடி உயரம் வேண்டும் என்கிறது தேசியக் கட்டட விதித்தொகுப்பு. அதற்குக் கீழே இறங்காதீர்கள்.

2. கூரைக்கு ஏற்ற கதவு நிலையைத் தேர்ந்தெடுங்கள்

• 9 முதல் 9½ அடிக் கூரை: 7 அடி நிலை.
• சுமார் 10 அடிக் கூரை: 7 அடி போதும். ஹால் விசாலமாக இருந்தால் 7½ அடி வைக்கலாம்.
• 11 அடியும் அதற்கு மேலும்: 8 அடி. இங்கே 7 அடிக் கதவு வைத்தால் தலைக்கு மேல் 4 அடி வெற்றுச் சுவர் நிற்கும். கதவு குட்டையாகத் தெரியும்.

8 அடி உயரத்துக்கு அகலம் 3 அடிக்குக் குறையக் கூடாது. குறைந்தால் கதவு ஒல்லியாகத் தெரியும். தமிழக அரசின் ‘கலைஞரின் கனவு இல்லம்’ திட்டத்து 360 சதுர அடி வீடு போன்ற சிறு வீடுகளுக்கு 7 அடியே பொருத்தம். மிச்சமாகும் பணத்தை நல்ல கீல், நல்ல பூட்டில் போடுங்கள்.

10 அடிக் கூரையில் 8 அடி வேண்டும் என்று ஆசைப்பட்டால் முதலில் பீமைப் பாருங்கள். தளத்துக்குக் கீழே பீம் ஒரு அடி இறங்கினால் 9 அடி மிஞ்சும். தரைக்கு 3 அங்குலம், நிலைக்கு 8 அடி, லிண்டலுக்கு 6 அங்குலம் கழித்தால் எஞ்சுவது வெறும் 3 அங்குலம். ஒரு வரிசைச் செங்கலைக் கலவையோடு வைக்கக்கூட அது போதாது. பீமையே லிண்டலாகக் கொள்ள முடியுமா என்று இன்ஜினியரிடம் கேட்டுவிட்டுத்தான் இறங்க வேண்டும்.

3. நிலையின் அளவையும் கதவின் அளவையும் பிரித்துப் பாருங்கள்

7 அடி நிலை என்பது வெளி அளவு, 84 அங்குலம். மேல்சட்டம் 3 அங்குலம் போக, நாம் நுழையும் வழி 81 அங்குலம். கதவு உட்கார மேல்சட்டத்தில் அரை அங்குலம் செதுக்கியிருப்பார்கள். கீழே தரையில் உரசாமல் இருக்க அதே அளவு இடைவெளி விடுவார்கள். ஆகவே 81 அங்குல ரெடிமேட் ஃப்ளஷ் கதவு பொருந்திவிடும். 8 அடி நிலைக்கு 93 அங்குலக் கதவு வேண்டும்.

பிளைவுட்டும் சன்மைக்காவும் 8 அடிக்கு 4 அடி ஷீட்டாக வருகின்றன. 93 அங்குலக் கதவை ஒரே ஷீட்டில் முடிக்கலாம். கதவு 8 அடியைத் தாண்டினால் ஒட்டுப் போட வேண்டிவரும், செலவும் ஏறும். உயரமான கதவு வளையாமல் நிற்க 35 மில்லிமீட்டர் தடிமனும் நான்கு கீல்களும் கேளுங்கள். நிலை நின்ற பிறகு ஒவ்வொன்றையும் ஆசாரி தனித்தனியாக அளந்த பின்பே கதவுக்குச் சொல்லுங்கள்.

4. ஜன்னலையும் லாஃப்ட்டையும் சேர்த்து யோசியுங்கள்

தரையிலிருந்து 3 அடியில் தொடங்கும் 4 அடி ஜன்னலின் தலை 7 அடியில் முடியும். கதவுத் தலையும் அங்கேதான். வீட்டைச் சுற்றி ஒரே லிண்டல் ஓடுவதற்கு இதுதான் வசதி. கதவை 8 அடியாக்கினால் ஜன்னல் தலையையும் அங்கே கொண்டுபோங்கள். மேலே தேங்கும் வெப்பக் காற்று வெளியேறவும் அது உதவும்.

லாஃப்ட்டும் 7 அடியில்தான் வழக்கமாக வரும். 8 அடிக் கதவு இருக்கும் அதே சுவரில் லாஃப்ட் போட்டால் கதவின் குறுக்கே விழும். அதை எதிர்ச் சுவருக்கு மாற்றுங்கள்.

5. மட்டக்கோடு அடிக்கச் சொல்லுங்கள்

டைல்ஸ் முடியும் மட்டத்திலிருந்து 3 அடி உயரத்தில், டியூப் லெவல் பிடித்து எல்லா அறைச் சுவர்களிலும் கோடு போடட்டும். நிலைகள் எல்லாம் இந்தக் கோட்டிலிருந்தே அளக்கப்பட வேண்டும். வெறும் தரையிலிருந்து அளந்து நிறுத்திய நிலை, டைல்ஸ் வந்ததும் 3 அங்குலம் குட்டையாகிவிடும். கால்கள் வெறும் தரையில் நிற்குமானால் நிலையை 7 அடி 3 அங்குலமாகச் செய்யச் சொல்லுங்கள். புதையும் மரப்பகுதிக்குத் தார்ப்பூச்சு அவசியம்.

குளியலறைத் தரை ஓரிரு அங்குலம் தாழ்ந்திருக்கும். அதற்காகக் கதவுத் தலையை இறக்க வேண்டாம். பக்கத்துக் கதவோடு ஒரே கோட்டில் இருக்கட்டும். ஈரம் படும் அந்த இடத்துக்குக் கிரானைட் நிலை நல்லது.

6. எழுதிக் கொடுங்கள்

முடிவெடுத்த உயரத்துக்குக் கதவு வரும் இடத்தில் ஒரு கம்பை நிறுத்தி, ஹாலில் நீங்கள் வழக்கமாக உட்காரப்போகும் இடத்திலிருந்து பாருங்கள். மனசுக்கு ஒத்துவந்தால் டைல்ஸ் மட்டம், நிலையின் வெளி உயரம், லிண்டலின் அடிமட்டம் ஆகிய மூன்றையும் பிளானில் எழுதுங்கள். மேஸ்திரிக்கு ஒரு நகல், ஆசாரிக்கு ஒரு நகல். இருவர் கையிலும் ஒரே எண் இருந்தால் உங்கள் வீட்டுக் கதவுகள் ஒரே கோட்டில் நிற்கும்.